திரும்பி ஓடும் புள்ளி

மெல்பர்னில் படித்தபோது, கணினியில் ஒரு ஊருக்குத் தீ வைத்தோம். பாடத்தின் பகுதி அது. திரையில் சாலைகள், காடு, மக்களாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். தீ நெருங்கியதும் புள்ளிகள் வரிசையாக ஊரைவிட்டு வெளியேறின. ஒருவர்கூடச் சாகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விரிவுரையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல யாருக்கும் பிள்ளைகுட்டி இல்லையா?" என்றார்.

அவர் சொல்ல வந்தது அந்த மாநிலத்தின் கதை. 2009 பிப்ரவரி 7, கறுப்புச் சனிக்கிழமை. விக்டோரியாவில் காட்டுத்தீக்கு 173 பேர் பலியானார்கள். அவர்களில் 113 பேர் வீடுகளுக்குள் இறந்தவர்கள். 'தயாராக இருந்தால் நின்று வீட்டைக் காப்பாற்றுங்கள், இல்லையென்றால் முன்கூட்டியே கிளம்புங்கள்' என்பது அப்போதைய அறிவுரை. பலர் இரண்டையும் செய்யவில்லை. பார்ப்போம், பார்ப்போம் என்று காத்திருந்தார்கள்.

அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மனசு கொடுக்க வேண்டியிருக்கிறது. நம்பிக்கை, விருப்பம், தீர்மானம் என மூன்று அடுக்கு. மைக்கேல் பிராட்மேன் என்ற தத்துவவாதியின் சிந்தனையிலிருந்து கணினித்துறை எடுத்துக்கொண்டது இது. 'புகை இன்னும் தூரத்துலதான் இருக்கு' என்பது நம்பிக்கை. 'அம்மா தனியா இருக்காங்க, கூட்டிக்கணும்' என்பது விருப்பம். காரை அந்தப் பக்கம் திருப்புவது தீர்மானம்.

மறுபடி ஓடவிட்டேன். சில புள்ளிகள் பள்ளிக்கூடத்துக்குப் போயின. சில தீயை நோக்கியே போயின. சாலைகள் அடைத்துக்கொண்டன. இந்த முறை எல்லாரும் தப்பவில்லை. நிரலில் ஏதோ பிழை என்றுதான் முதலில் தேடினேன்.

பிறகுதான் பாட்டி ஞாபகம் வந்தது. ஈப்போவில் எங்கள் தாமானில் பக்கத்து வீடு எரிந்த இரவு, எல்லாரும் ரோட்டுக்கு வந்துவிட்டோம். பாட்டி மட்டும் சட்டென்று உள்ளே திரும்பினார், தாத்தா படத்தை எடுக்க. பின்னாலேயே அப்பா. அப்பாவைத் தேடி அம்மா. பொம்பா வந்து தீயை அணைத்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பல வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிப் பாட்டியைக் கிண்டலடித்தோம். அதிகம் அடித்தவன் நான்தான்.

பாட்டி பிழை இல்லை. பாட்டி இல்லாத என் முதல் ஊர்தான் பிழை. திரும்பிப் போகாதே என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அவர். போகிற தூரத்தைத்தான் குறைக்க முடியும்.

அன்றிரவே வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, தாத்தா படத்த வாசல் பக்கத்துல மாட்டுங்க."

"ஏன்டா, சாமி ரூம்ல நல்லாத்தானே இருக்கு?"

"பாட்டி எடுக்க ஈஸியா இருக்கும்ப்பா."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆணி அடிக்கணும்" என்றார்.