தென்கரைப் பயணம் – 4: ஏழு சகோதரிகள்

இங்கிலாந்தின் பிரைட்டனிலிருந்து ஈஸ்ட்போர்ன் போகும் 12ஆம் எண் மாடிப் பேருந்தில் ஏறுகிறவர்கள், மேல்தளத்தில் வலப்பக்கச் சன்னலோரமாக இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊரைத் தாண்டியதும் கடல் கூடவே வரத் தொடங்கிவிடும். சாலை போவது செங்குத்தான பாறைகளின் தலைமேல் என்பதால் பாறை கண்ணில் படாது. புல்வெளி, வேலி, அதற்கப்பால் நேரே கடல்தான்.

அந்தப் பாறைகளை முதல்நாள் மாலையே கீழேயிருந்து பார்த்திருந்தோம். பிரைட்டன் மரீனாவில் தொடங்கி சால்ட்டீன் வரை, பாறையின் காலடியில் ஒரு கான்கிரீட் நடைபாதை போகிறது. 1930களில் கடலரிப்பைத் தடுக்கச் சுவரும் சேர்த்துக் கட்டியது. பாறை சீமைச்சுண்ணாம்புதான். ஆனால் அலை அதைத் தொட முடியாது. முகத்தைச் செதுக்கிச் சீராக்கியிருக்கிறார்கள். இடுக்குகளில் செடி முளைத்து, மழைநீர் வழிந்த தடம் படிந்து, பழுப்பேறி நிற்கிறது. நடப்பதற்கு நல்ல பாதை, குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. பாறை மட்டும் களையிழந்து கிடக்கிறது.

பேருந்து அடுத்து பீஸ்ஹேவன் வழியாகப் போகிறது. சார்லஸ் நெவில் என்ற தொழிலதிபர் 1916 வாக்கில் கடலோர மேட்டில் மனை போட்டு விற்று உருவாக்கிய ஊர். கட்டம் கட்டமாகத் தெருக்கள், ஓரடுக்கு வீடுகள். கிரீனிச் தீர்க்கரேகை இங்கிலாந்து மண்ணை விட்டுக் கடலில் இறங்கும் இடம் இதுதான் என்பதைக் காட்ட ஒரு நினைவுத்தூண் வைத்திருக்கிறார்கள். கரை அரித்துக்கொண்டே வந்ததால் அந்தத் தூணையே உள்ளே தள்ளி வைக்க வேண்டியிருந்தது. இந்த ஊரைக் கடக்கும்போது கவனமாகப் பாருங்கள். நாம் பார்க்கப் போகிற இடமும் இப்படி ஆகியிருக்க வேண்டியதுதான்.

சீஃபோர்டில் இறங்கி, ஊரின் கிழக்குக் கோடியில் இருக்கும் சீஃபோர்ட் ஹெட் என்ற மேட்டில் ஏறினோம். ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும். பாறை விளிம்புகளில் கிட்டிவேக் என்ற கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. அவற்றின் இரைச்சல் காதை அடைத்தது. மேட்டைக் கடந்து கிழக்கே இறங்கும்போது திடீரென்று எதிர்ப்பக்கம் திறந்தது.

முன்னால் ஒரு பள்ளத்தாக்கு. அதன் நடுவே குக்மியர் ஆறு கடலில் சேருகிறது. கரைமேல் பழைய கடலோரக் காவலர்களின் குடியிருப்புகள் சில. அவற்றின் பின்னால், ஆற்றுக்கு அப்பால், வெள்ளை வெளேரென்று பாறைச் சுவர் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கிழக்கே ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலே பச்சைப் புல், அடியில் பாலைக் கரைத்த மாதிரிக் கலங்கிய நீர், அதற்கப்பால் நீலம். பார்த்தது தெற்கு நோக்கிய சுவர். அதனால் பகலின் பெரும்பகுதி வெயில் அதன் முகத்தில் அடிக்கிறது. உடன் வந்த நண்பர் கேமராவை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

திரைப்படங்களில் டோவர் பாறைகள் என்று காட்டப்படுவது பல சமயம் இந்த இடம்தான். டோவர் பாறைகளின் காலடியில் துறைமுகமும் சாலையும் இருக்கின்றன. இங்கே ஒன்றும் இல்லை.

இந்தச் சுவரின் ஏழு மேடுகள்தான் ஏழு சகோதரிகள். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் உண்டு. மேற்கிலிருந்து எண்ணினால் முதலில் ஹேவன் பிரௌ, கடைசியில் வென்ட் ஹில். முதல் சகோதரிதான் எல்லோரிலும் உயரம், 77 மீட்டர். இந்த அலை வடிவம் எப்படி வந்தது என்பது அழகான கதை. பனியுகத்தில் இங்கே நிலம் அடிவரை உறைந்து கிடந்தது. சாதாரணமாகச் சுண்ணாம்புப் பாறை தண்ணீரை உறிஞ்சிவிடும். உறைந்த நிலத்தில் அது முடியாததால், கோடையில் உருகிய பனிநீர் மேற்பரப்பிலேயே ஓடி வரிசையாகப் பள்ளத்தாக்குகளை வெட்டியது. உறைபனி விலகியபின் தண்ணீர் மறுபடி பாறைக்குள் இறங்கிவிட்டது, பள்ளத்தாக்குகள் வறண்டன. பிறகு கடல் மட்டம் உயர்ந்து, மேடும் பள்ளமுமான அந்த நிலத்தைக் குறுக்கே அறுத்தது. அறுபட்ட மேடுகள்தான் சகோதரிகள்.

ஆற்றின் வாய்க்குப் பாலம் கிடையாது. இறங்கிக் கடக்கவும் கூடாது, நீரோட்டம் இழுத்துவிடும். எனவே உள்நாட்டுப் பக்கமாக எக்ஸீட் பாலம் வரை நடந்து, மறுகரையில் திரும்பிக் கடலுக்கு வரவேண்டும். இந்தச் சுற்று யாருக்கும் சலிக்காது. 1840களில் ஆற்றுக்கு நேராக ஒரு கால்வாய் வெட்டிவிட்டதால், பழைய ஆறு வளைந்து வளைந்து அப்படியே தேங்கி நிற்கிறது. அந்த வளைவுகளில் கொக்குகளும் அன்னங்களும் மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மானிய விமானங்களைத் திசைதிருப்ப, நியூஹேவன் துறைமுகம் என்று நினைக்கும்படி இந்தப் பள்ளத்தாக்கில் விளக்குகளை எரியவிட்டார்களாம். துப்பாக்கிக் காவலறைகள் இன்னும் புல்லுக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

ஹேவன் பிரௌ மேல் ஏறியதும் காற்று ஆளைத் தள்ளியது. காலடியில் புல் குட்டையாக, அடர்த்தியாக, மிதித்தால் எழும்பும்படி இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் ஆடு மேய்ந்து உண்டான புல்வெளி. குனிந்து பார்த்தால் கையகலத்துக்குள் பத்து வகைச் செடி. காட்டு ஓமத்தழை மணக்கிறது. நீல வண்ணத்துப்பூச்சிகள் கணுக்கால் உயரத்தில் பறக்கின்றன. உரம் போட்டு உழுதால் இதெல்லாம் ஒரே பருவத்தில் போய்விடும், எளிதில் திரும்பி வராது.

வீட்டுமனைக்காரர்கள் இந்த மேடுகளுக்கும் வந்தார்கள். 1920களில் கிரௌலிங்க் என்ற பகுதியில் வீடு கட்டும் திட்டம் கிளம்பியபோது, உள்ளூர் ஆர்வலர்கள் சங்கமாகத் திரண்டு, பொதுமக்களிடம் நிதி வசூலித்து அந்த நிலத்தை வாங்கிவிட்டார்கள். இன்று அது நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை வசம் இருக்கிறது. முதல் உலகப்போரில் உயிரிழந்த இரண்டு சகோதரர்களின் நினைவாகக் குடும்பத்தார் கொடுத்த நிலமும் வழியில் இருக்கிறது. ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அதன் அருகே நின்று சுற்றிலும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கூரை இல்லை. பணம் கொடுத்த அந்தப் பெயர் தெரியாத மனிதர்களுக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

ஏற்றமும் இறக்கமும் முழங்காலைப் பதம் பார்க்கும். ஏழு முடிந்ததும் பர்லிங் கேப். அங்கே இரும்புப் படிக்கட்டு வழியாகக் கடற்கரைக்கு இறங்கலாம். இறங்கித் திரும்பிப் பார்த்தால்தான் பாறையின் உயரம் உறைக்கிறது.

கீழே கிடந்த ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். பழைய சுவரிலிருந்து பெயர்ந்த சுண்ணாம்புப் பொருக்கு போல இலேசாக இருந்தது. நகத்தால் கீறினால் பொடி உதிர்கிறது, விரலெல்லாம் வெள்ளை. இந்தப் பொடி பெரும்பாலும் கொக்கோலித்தோஃபோர் என்ற ஒருசெல் பாசியின் ஓட்டுச் சில்லுகள். எட்டு, ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெடேசியஸ் காலத்தின் வெதுவெதுப்பான கடலில் வாழ்ந்து செத்து அடியில் படிந்தவை. ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் சேர்ந்திருக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும், பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியின் அம்மோனைட் புதைபடிவங்களும் இதே கிரெடேசியஸ் காலத்தில் உருவானவை. கடல் வேறு, யுகம் ஒன்று. அங்கே வெட்டி எடுத்துச் சிமென்ட் செய்கிறோம்.

வெள்ளைச் சுவரில் குறுக்கே கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. கிட்டே போனால் அவை சக்கிமுக்கிக் கற்களின் வரிசைகள். கடற்பஞ்சுகளின் சிலிக்கா கரைந்து, மறுபடி இறுகி உண்டானவை. மேலே வெள்ளைத் தோல், உடைத்தால் உள்ளே கறுப்புக் கண்ணாடி. சுண்ணாம்பைக் கடல் கரைத்துக்கொண்டு போகிறது, இந்தக் கற்கள் மட்டும் மிஞ்சுகின்றன. கடற்கரை முழுக்கக் கிடக்கும் கூழாங்கற்கள் அவைதான். ஒவ்வோர் அலை பின்வாங்கும்போதும் அத்தனையும் உருண்டு கரகரவென்று சத்தம் போடுகின்றன.

இந்தக் கற்களைக் கொண்டே பாறை தேயும் வேகத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். காஸ்மிக் கதிர் படப் படச் சக்கிமுக்கிக் கல்லில் பெரிலியம்-10 சேரும். பாறை பின்வாங்கி, அடித்தளம் வெளியே தெரிந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடும். 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, கிழக்கே இருக்கும் பீச்சி ஹெட் என்ற பாறைமுனையிலும் சீஃபோர்ட் ஹெட்டிலும் எடுத்த கற்களை அளந்து பார்த்தது. பல ஆயிரம் ஆண்டுகளாக ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் வீதம் தேய்ந்துவந்த பாறை, கடந்த 150 ஆண்டுகளில் 22 முதல் 32 சென்டிமீட்டர் வீதம் தேய்கிறது. பாறைக்கு முன்னால் காவலாகக் கிடந்த கூழாங்கல் திட்டு மெலிந்துபோனதைக் காரணமாகச் சொல்கிறார்கள். இந்தக் கரையில் கற்கள் மேற்கிலிருந்து கிழக்கே நகர்கின்றன. மேற்கே கட்டிய சுவர்களும் தடுப்புகளும் அந்த வரத்தைக் குறைத்திருக்கலாம் என்பதும் அவர்கள் கருத்து. முதல்நாள் நாங்கள் நடந்த கான்கிரீட் பாதை ஞாபகத்துக்கு வந்தது. ஓரிடத்தில் கரையைக் கட்டிப்போட்டால் அடுத்த இடத்தில் கடல் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது.

படிக்கட்டு அருகே நாயோடு வந்திருந்த ஒரு வயதான அம்மையாரிடம் பேச்சுக் கொடுத்தோம். சின்ன வயதிலிருந்து வருகிறாராம். கடல் பக்கமாக, ஆகாயத்தில் ஓர் இடத்தைக் கைகாட்டி, "அங்கே ஒரு வீடு இருந்தது. அதன் வாசலில் நான் நின்றிருக்கிறேன்" என்றார். மேட்டின்மேல் வரிசையாகக் கட்டிய வீடுகள் பல ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மிச்சமிருப்பவை விளிம்பை ஒட்டி நிற்கின்றன. சுவர் கட்டிக் காப்பாற்றுவதில்லை, கரையை அதன் போக்கில் விடுவது என்பதே இங்கே கொள்கை. "வருத்தமாக இல்லையா அம்மா?" என்று நண்பர் கேட்டார். "வீட்டுக்காரர்களை நினைத்தால் வருத்தம்தான். சுவர் கட்டியிருந்தால் நீங்கள் இவ்வளவு தூரம் இதைப் பார்க்க வந்திருப்பீர்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

அவர் சொன்னதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. அலை அடிவாரத்தைக் குடையும், மேல்பாகம் சரியும், சரிந்த குவியலைக் கடல் அள்ளிக்கொண்டு போகும், புதுமுகம் வெளியே வரும். இந்தச் சரிவு நின்றுவிட்டால் நாளடைவில் செடி படர்ந்து பாறை மங்கிவிடும். வெள்ளையாக இருப்பதற்காகத்தான் இது விழுந்துகொண்டே இருக்கிறது என்று தோன்றியது.

பர்லிங் கேப்பைத் தாண்டி ஏறினால் பெல் டூட் கலங்கரை விளக்கம். 1834இல் எரியத் தொடங்கியது. கப்பல் கரைக்கு மிக அருகில் வந்தால் பாறை விளிம்பு விளக்கை மறைத்துவிடும், அதுவே எச்சரிக்கை என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். விளிம்பே தேய்ந்ததால் கணக்குப் பிசகியது. மேட்டின் மேல் மூடுபனி வேறு விளக்கை விழுங்கிவிடும். 1902இல் இதை அணைத்துவிட்டு, பீச்சி ஹெட்டின் காலடியில், கடலுக்குள்ளேயே 43 மீட்டர் உயரத்தில் புதிய கலங்கரை விளக்கத்தை எழுப்பினார்கள். அதற்கான கிரானைட் கற்களைப் பாறைமுகட்டிலிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டு இறக்கினார்கள். கைவிடப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தைக் கடல் நெருங்கியபோது, 1999இல், சுமார் 850 டன் எடையுள்ள கட்டடத்தை அப்படியே நகர்த்தி 17 மீட்டர் உள்ளே வைத்தார்கள். தேவைப்பட்டால் இன்னும் நகர்த்தலாம் என்ற ஏற்பாட்டோடு. கடலோடு மோதாமல் ஒதுங்கிக்கொண்ட அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பீச்சி ஹெட் 162 மீட்டர், பிரிட்டனின் மிக உயரமான சுண்ணாம்புக் கடற்பாறை. அங்கிருந்து பார்க்கும்போது சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட அந்தக் கலங்கரை விளக்கம் காலடியில் விரலளவே தெரிகிறது. 1999 ஜனவரியில் இங்கே பெரும் பாகம் சரிந்து, சரிந்த கற்குவியல் கலங்கரை விளக்கம் வரை பரவியது. 2001இல் டெவில்ஸ் சிம்னி என்ற பாறைத் தூணும் விழுந்தது. நாங்கள் நடந்த வழியில் விளிம்புக்கு இணையாகப் புல்லில் ஒரு நீண்ட வெடிப்பைக் கண்டோம். கைவிரல் நுழையும் அகலம்தான். அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஜோடி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நண்பர் ஓடிப்போய்ச் சொன்னபிறகு எழுந்து வந்தார்கள். பாறையின் அடிவயிற்றைக் கடல் குடைந்திருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. படம் எடுக்கப் போய் விழுந்து இறந்தவர்கள் இங்கே உண்டு.

போக விரும்பும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். லண்டன் விக்டோரியாவிலிருந்து ரயிலில் லூயிஸ் வந்து, வண்டி மாறினால் சீஃபோர்ட். நடக்க முடியாதவர்கள் பேருந்தில் நேரே எக்ஸீட்டில் இறங்கிக் கடற்கரை வரை சமதரையில் போய்வரலாம். கடற்கரையில் இறங்குவதானால் ஓத நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஓதம் உயர்ந்தால் மேலே ஏறித் தப்ப வழியில்லை. பாறைக்கு அடியில் துண்டு விரித்து உட்காராதீர்கள். மேலே நடக்கும்போது விளிம்பிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளியே இருங்கள். சகோதரிகளின் தலைமேல் நிற்பவருக்கு, தன் காலடியில் இருக்கும் வெள்ளை எப்படியும் தெரியாது. ஏழு பேரையும் சேர்த்துப் பார்க்க எதிர்க்கரை மேட்டில் நின்றால் போதும்.

(தொடரும்)