ஆறேகால் அங்குலத் தட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் மடவார் வளாகம். வைத்தியநாத சுவாமி கோயில். திருமலை நாயக்கரின் தீராத வயிற்றுவலி தீர்ந்த தலம் என்று இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். கோயிலைக் கடந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பட்டறை. அங்கேதான் மச்சானின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, முன் சீட்டு இரண்டும் வெளியே கிடக்க, கியர்பாக்ஸ் இல்லாமல் நின்றது.

செங்கோட்டை வழியாக ஆரியங்காவு ஏறிப் புனலூர் வரை போய்வரக் கிளம்பியிருந்தோம். ஏற்றத்தில் மச்சான் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் சத்தம் ஏறியது. வண்டியின் வேகம் ஏறவில்லை. பிறகு கருகல் வாடை. "கிளட்ச் ஸ்லிப் ஆகுது மாப்ள" என்று சொல்லி அங்கேயே திருப்பிவிட்டார். சமதளத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டு ராஜபாளையம் தாண்டி இந்தப் பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். வேறு எங்கும் விடுவதாக இல்லை. ஹெரால்டின் கியர்பாக்ஸை வண்டிக்குள்ளிருந்தே தூக்க வேண்டும் என்பது தெரிந்த கை இந்த வட்டாரத்தில் பட்டறைக்காரர் அண்ணாச்சியுடையது மட்டும்தான். சீட்டைக் கழற்றி, நடுவில் இருக்கும் கவரைக் கழற்றினால் கியர்பாக்ஸ் கண்ணெதிரே இருக்கும். எஞ்சினை அசைக்கவே வேண்டாம். தெரியாதவர்கள் எஞ்சினைத் தூக்க செயின் பிளாக் தேடுவார்கள்.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இத்தாலியர் ஜியோவானி மிகெலோட்டி வரைந்த உடல். இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று 1959-இல் வந்தது. 1961-இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 948 சிசி எஞ்சினோடு இங்கே செய்யத் தொடங்கியது. அதே சேஸிஸைக் குட்டையாக்கி, அதே எஞ்சின் குடும்பத்தை வைத்து, அதே மிகெலோட்டி வரைந்ததுதான் 1962-இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். ஹெரால்டுக்குக் கூரை போல்ட்டில்தான் நிற்கிறது. கழற்றினால் திறந்த கார். மச்சானுடையது இரண்டு கதவு வண்டி. கூரையை எப்போதோ கழற்றி வைத்தவர் திரும்ப மாட்டவே இல்லை. சோழவரம் விமானத்தளத்தில் கார் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகள் அங்கே ஓடியவைதான். எங்கள் வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்று நான் சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

1972-இல் ஹெரால்டுக்குப் பதிலாகக் கெஸல் என்ற மாடல் வந்தது. எண்பதுகளின் கடைசியில் அந்த நிறுவனம் கார் செய்வதையே நிறுத்தியது. அதன் பிறகு இந்த வண்டிகளுக்கு ஸ்பேர் என்று புதிதாக ஒன்றும் வரவில்லை. இருப்பதைச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அண்ணாச்சி பிரித்துக் காட்டியபோது கிளட்ச் தட்டின் லைனிங் ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தது. ஃப்ளைவீலில் நீலநீலமாக வட்டங்கள், சூட்டின் தடம். பிரஷர் பிளேட்டில் காயில் ஸ்பிரிங்குகள் சூடு பட்டுத் தளர்ந்திருந்தன. உள்ளே படிந்திருந்த கரும்பொடியைக் காற்றடித்து ஊதப்போன பையனை அண்ணாச்சி கையைப் பிடித்து நிறுத்தினார். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஊதினால் நெஞ்சுக்குள் போகும். சத்திரப்பட்டிப் பக்கம் நெய்கிற பேண்டேஜ் துணியின் கழிவு பட்டறையில் மூட்டையாகக் கிடந்தது. அதை நனைத்துத் துடைத்து, துடைத்த துணியைக் கட்டித் தனியாகப் போட்டார். எல்லாப் பட்டறையிலும் இப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. பெரும்பாலும் ஊதிவிடுகிறார்கள். இருபது வயதுப் பையன்கள் அந்தப் புழுதியில்தான் நாள் முழுக்க நிற்கிறார்கள்.

"புதுசு எங்க கிடைக்கும் அண்ணாச்சி?"

"ஹெரால்டுக்கு கிளட்ச் இருக்கான்னு கேட்டா எவனும் இல்லன்னுதான் சொல்லுவான் தம்பி. வண்டி பேரச் சொல்லாதீக. அளவச் சொல்லுங்க."

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தட்டின் வெளிவிட்டம் ஆறேகால் அங்குலம். லைனிங்கின் உள்விட்டம். மொத்தத் தடிமன். நடு ஹப்பின் துளை, அதில் எத்தனை பல், ஹப் எந்தப் பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது. கவரின் போல்ட் வட்டம். கிளட்ச் என்பது இந்த அளவுகள்தான், பெட்டியில் அச்சடித்திருக்கும் பெயர் இல்லை. விட்டம் ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும், பல் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டுக்குப் பொருந்த வேண்டும், ஹப்பின் நீட்டம் எதிலும் இடிக்கக் கூடாது. இவை கூடிவந்தால் அது எந்த வண்டியின் தட்டாக இருந்தாலும் வேலை செய்யும்.

அந்தத் தாளோடு மதுரைக்குப் போனோம். கடைக்காரர்களின் முகம் மாறுவதைக் கண்ணால் பார்த்தேன். வண்டி பெயரைக் கேட்டால் கணினித் திரையைப் பார்ப்பவர்கள், அளவைச் சொன்னதும் ஏணி போட்டுப் பரணில் ஏறினார்கள். விட்டம் ஒத்துவரும் தட்டு ஒன்று கிடைத்தது, பல் ஒத்துவரவில்லை. ஒன்றின் ஹப்பைப் பிரித்து இன்னொன்றில் ரிவெட் அடித்துத் தருகிறோம் என்றார்கள். அப்படிச் செய்வது உண்டு. ஆனால் எங்கள் தட்டின் ஹப்பும் அதிலிருந்த ஸ்பிரிங்கும் நல்ல நிலையில்தான் இருந்தன. தேய்ந்தது லைனிங் மட்டும்.

இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாமா என்றும் பார்த்தோம். ஸ்பிட்ஃபயர் 1980 வரை ஓடிய மாடல். மூன்று லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். அதற்கு அங்கே இன்றும் கிளட்ச் செட் புதிதாகக் கிடைக்கிறது. ஆனால் ஸ்பிட்ஃபயரின் இரண்டாம் மார்க்கிலிருந்து காயில் ஸ்பிரிங் போய் டயாஃப்ரம் ஸ்பிரிங் வந்துவிட்டது. கவரும் வேறு. எங்கள் ஃப்ளைவீலின் துளைக்கு அது உட்காருமா என்று கையில் வைத்துப் பார்க்காமல் யாரும் உறுதி சொல்லவில்லை. கப்பல் கூலியும் சுங்கமும் கட்டி வாங்கிப் பார்க்க மச்சானுக்கு மனம் வரவில்லை. எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

சென்னைக்குப் போனது பிரஷர் பிளேட்டும் ஸ்பிரிங்கும் உள்ள கிளட்ச் கவருக்காக. புதுப்பேட்டைச் சந்துகளில் ஒரு காரின் எல்லா உறுப்புகளும் தனித்தனிக் கடையில் இருக்கும். ஒருவர் ஹெட்லைட் மட்டும், ஒருவர் ரேடியேட்டர் மட்டும். கிளட்ச் வைத்திருந்தவரிடம் அளவுத் தாளை நீட்டினோம். உள்ளே போனவர், காகிதம் சுற்றி கிரீஸ் தடவிய ஒரு பிரஷர் பிளேட்டோடு வந்தார். கிளட்ச்சை விடுவிக்கும் மூன்று விரலும் நேராக இருந்தன. ஸ்பிரிங்குகளில் பழைய பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்கின் வலுவை அந்த நிறத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். எல்லாம் ஒரே நிறம். அதைப் பார்த்ததும் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை, மச்சான்தான் பேசினார்.

திரும்பும் வழியில் மறுபடி மதுரை. லைனிங் அடிக்கிற பெரியவர் ஒருவரை அண்ணாச்சி சொல்லியிருந்தார். சந்தின் உள்ளே சின்ன அறை. பழைய ரிவெட்டைத் துளைத்து எடுத்து, தட்டின் நெளிவைச் சரிபார்த்து, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத புது லைனிங்கை வெட்டி வைத்தார். ரிவெட் தலை லைனிங்கின் மேற்பரப்புக்குக் கீழே போய் உட்கார வேண்டும். மேலே நின்றால் ஃப்ளைவீலைக் கீறிவிடும். ஒன்றை அடித்தால் அடுத்தது பக்கத்தில் இல்லை, நேர் எதிரில். அப்படி மாற்றி மாற்றி அடித்தால்தான் தட்டு வளையாது. ஒவ்வொரு அடிக்கும் பெருவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். முடித்ததும் ஷாஃப்ட்டில் மாட்டிச் சுற்றவிட்டு, ஒரு இடத்தில் லேசாகத் தட்டி நிமிர்த்தினார். இப்போது எல்லா வண்டிக்கும் செட்டாக மாற்றிவிடுகிறார்கள். லைனிங் அடிக்க வருவது டிராக்டரும் எங்களைப் போன்றவர்களும்தான் என்றார். மகன் இந்த வேலைக்கு வரவில்லை. அவர் கேட்ட கூலி எனக்குக் குறைவாகப் பட்டது, கூட்டிக் கொடுத்தோம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இவர்களிடம் பேரம் பேசக் கூடாது. இவர்கள் கடை மூடினால் நம் வண்டிகள் காட்சிப் பொருள்தான்.

மிச்ச வேலை ராஜபாளையத்தில். முப்பதுகளிலிருந்து நூற்பாலைகள் வளர்ந்த ஊர்; மில்லுக்கு வேலை செய்கிற லேத்துகள் அங்கே உண்டு. ரோலர் கடைந்து பழகியவருக்கு ஃப்ளைவீல் முகத்தைச் சீராக ஒரு இழை எடுப்பது பெரிய காரியம் இல்லை. நான் மறக்க முடியாதது அந்த லேத்துக்காரர் ஸ்பிரிங் சோதித்த விதம். டிரில்லிங் மெஷினின் மேடையில் ஒரு தராசை வைத்து, அதன் மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, மெஷின் கைப்பிடியை இறக்கி ஒரே உயரத்துக்கு அமுக்கினார். அந்த உயரத்தில் தராசு காட்டிய எடையைச் சாக்பீஸால் தரையில் எழுதினார். அடுத்தது. அதற்கடுத்தது. புதுப்பேட்டை ஸ்பிரிங்குகள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே எடை காட்டின. எங்கள் பழைய ஸ்பிரிங்குகள் ஆளுக்கொரு எடை. "இதுகளக் கலந்து போட்டா தட்டு ஒரு பக்கமா அமுங்கும்" என்று பழையதை ஒதுக்கி வைத்தார். கடைசியில், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் அளவுக்கு மரத்தில் ஒரு டம்மி கடைந்து கொடுத்தார். கவரை முறுக்கும்போது தட்டை நடுவில் பிடித்து நிறுத்த அதுதான் வேண்டும். தட்டு நடுவில் இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் உள்ளே நுழையாது, எவ்வளவு தள்ளினாலும்.

மாட்டியது மடவார் வளாகத்துப் பட்டறையில், ஒரு காலை நேரம். மூன்று விரலின் உயரமும் ஒன்றாக வரும்வரை அண்ணாச்சி அளந்து அளந்து திருப்பினார். பிறகு கவர், கியர்பாக்ஸ், சீட்டு. கிளட்ச் லைனில் காற்று எடுத்து முடித்து, மச்சானை உட்காரச் சொன்னார். மச்சான் பெடலை அமுக்கினார், கியர் போட்டார், விட்டார். வண்டி குலுங்காமல் நகர்ந்தது.

"முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மலைப் பக்கம் போகாதீக. லைனிங் படியணும்."

அளவுத் தாளை மச்சான் பிரதி எடுத்து, ஒன்றை வண்டியின் டேஷ்போர்டு அறையிலும் ஒன்றைப் பட்டறையிலும் வைத்திருக்கிறார். திருநெல்வேலியில் ஒருவர் ஸ்பிட்ஃபயர் வைத்துக்கொண்டு இதே கிளட்ச்சுக்கு அலைவதாக அண்ணாச்சிக்குப் போன வாரம் போன் வந்ததாம். அவருக்கும் தாளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டோம். வாங்கக் கிளம்பும் முன் கியர்பாக்ஸைக் கழற்றி, உள்ளே இருப்பது காயிலா டயாஃப்ரமா என்று பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறோம். காயிலாக இருந்தால், புதுப்பேட்டைக் கடையின் வழி எங்களுக்குத் தெரியும்.