வாடிவாசல் படிக்க அகராதி வேண்டுமா?

ஹெமிங்வே 1926-ல் எழுதிய ஸ்பெயின் திருவிழா நாவலைப் படிக்கிறவர்கள் பக்கத்தில் அகராதி வைத்துக்கொள்வார்கள். மட்டாடோர், பிக்கடோர், என்சியெர்ரோ... வரிசையாக வரும். சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாசல்' தமிழ்தானே, அதற்கு எதற்கு அகராதி?

வேண்டும் மக்களே! மண்ணச்சநல்லூரில் தவிடு, குருணை, நொய் எல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அரிசி ஆலை ஊராயிற்றே. 'வாடி' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் யாரையோ கூப்பிடுவதாக நினைப்பார்கள் :) காளைகளை அடைத்து வைக்கும் இடம் அது. காளை வெளியே பாயும் வாய்தான் வாடிவாசல். 'காரி' காளையின் பெயர் மட்டுமல்ல, நிறமும்கூட. கறுப்புக் காளை. மயிலை, செவலை என்பதும் அப்படித்தான். சல்லிக்காசைத் துணியில் முடிந்து கொம்பில் கட்டியதால் சல்லிக்கட்டு, அது பேச்சில் ஜல்லிக்கட்டு ஆனது.

இதெல்லாம் சுலபம். இடறுகிற சொல் ஒன்று உண்டு: 'அணைதல்'.

பத்திரிகைகள் 'காளையை அடக்கினார்' என்று எழுதுகின்றன. செல்லப்பாவின் ஆட்கள் மாட்டை அணைகிறார்கள். கலித்தொகையில் அது ஏறு தழுவுதல். அணைப்பதும் தழுவுவதும் ஒன்றுதான். கையில் ஆயுதம் கிடையாது, திமிலைக் கட்டிக்கொண்டு தாக்குப்பிடிக்க வேண்டும். மட்டாடோர் என்ற ஸ்பானியச் சொல்லுக்கோ நேர்ப்பொருளே கொல்பவன். அங்கே காளை களத்திலேயே சாக வேண்டும். பிக்கடோர் குதிரைமேல் இருந்து ஈட்டியால் குத்துகிறவன்.

இந்த வித்தியாசம் பிடிபடாவிட்டால் பிச்சியும் பிடிபட மாட்டான். அவன் அப்பா அம்புலி பெரிய மாடுபிடிகாரன், காரியின் கொம்பில் செத்தவன். அதே காரியை அணைய மகன் வந்து நிற்கிறான். காளையைக் கொல்வதல்ல அவன் நோக்கம், அப்பன் விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். காரி ஜமீன்தாரின் மாடு. அதன் திமிலில் எவன் கை விழுந்தாலும் அவர் கௌரவத்தின்மேல் விழுந்த மாதிரி. மாட்டுக்கு அது விளையாட்டில்லை என்கிறார்கள். பிச்சிக்கும் ஜமீன்தாருக்கும் மட்டும் விளையாட்டா என்ன? (முடிவைச் சொல்லப்போவதில்லை!)

நல்லவேளை, கூட்டத்தில் நிற்கும் கிழவர் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார். பாதி அகராதி அவர் வாயிலேயே கிடைத்துவிடும்.

2013-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது கல்யாணராமன் தலைப்பில் 'வாடிவாசல்' என்பதை அப்படியே விட்டுவைத்தார். புத்தகம் மெலிசு, ஒரே மாலையில் முடிந்துவிடும். தை மாதம் சூரியூர் ஜல்லிக்கட்டுக்குக் கிளம்புகிறவர்கள் போகுமுன் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.