கல்லடிப் பாலத்தடியில் ஓரிரவு

பள்ளித் தோழர் ஒருவர் கடந்த ஆடி மாதம் ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு வந்திருந்தார். 1990ஆம் ஆண்டு மட்டக்களப்பை விட்டுப் போனவர். அதன் பின்னர் இப்போதுதான் முதன்முறையாக வருகிறார். உடன் அவருடைய மகளும் வந்திருந்தாள். கடலுயிரியல் பயிலும் மாணவி.

தந்தையும் மகளும் முந்திய ஆண்டு கலாபகொஸ் தீவுகளைச் சுற்றிக் கப்பற் பயணம் போய்வந்திருக்கிறார்கள். எக்குவடோருக்கு மேற்கே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் தொலைவில், எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி உருவான தீவுகள் அவை. 1835இல் டார்வின் ஐந்து வாரங்கள் தங்கிய இடம். எங்கள் வீட்டு விறாந்தையில் அமர்ந்து அந்தப் பெண் ஒவ்வொரு படமாகக் காட்டினாள். கரிய பாறையில் கூட்டமாகக் குளிர்காயும் கடல் உடும்புகள். அவை உட்கொண்ட உப்பை மூக்கின் வழியே பீறிட்டு வெளியேற்றுமாம். நிலநடுக் கோட்டுக்கு அருகிலேயே வாழும் பென்குவின்கள். படகுத்துறை வாங்கில் மனிதரைப் போல் படுத்துறங்கும் கடற்சிங்கங்கள். எந்த விலங்கையும் இரண்டு மீற்றருக்கு அப்பால் நின்றே பார்க்க வேண்டும் என்பது அங்குள்ள விதி என்றாள்.

எல்லாவற்றையும் காட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்: "மாமா, உங்கட ஊரில மீன் பாடும் எண்டு அப்பா சொல்லுவார். நீங்கள் கேட்டிருக்கிறீங்களா?"

விடை சொல்ல எனக்குச் சற்று நேரமாயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தித்தாளுக்கு எழுதியவன் நான். 'மீன்பாடும் தேன்நாடு' என்ற தொடரை எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அமைச்சர் வருகை, கோயில் திருவிழா, கூத்து விழா, வெள்ளச் சேதம் எதுவானாலும் தொடக்க வரியில் அந்த மீன் வந்து பாடிவிடும். ஆனால் மீன் பாடி நான் ஒருநாளும் கேட்டதில்லை. "இல்லை மகள்" என்றேன்.

கேட்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் 1848இல் இங்கு வந்து, இரவில் தோணியில் சென்று அந்த ஒலியைக் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் மெல்லொலியோடு அதை ஒப்பிட்டார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பெருகியதையும் குறித்திருக்கிறார். நம்மவர்கள் அவரிடம் மீன் என்று சொல்லவில்லை. ஊரி அழுகிறது என்றே சொல்லியிருக்கிறார்கள். சுவாமி விபுலாநந்தர் இதே வாவியின் இசையை நீரர மகளிரின் பாடலாகக் கண்டு, 1947இல் வெளிவந்த தமது யாழ் நூலிலே பாடிவைத்தார். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க யேசுசபைத் துறவி லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதைப் பதிவு செய்ய, அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது.

மீன் ஒலி எழுப்புவது அதிசயமன்று என்றாள் மாணவி. கத்தாழை இனத்து மீன்கள் தம் காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசைகளை அதிரவைத்து முழங்குகின்றன. சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே சோசலிட்டோவில் படகு வீடுகளில் வாழ்ந்தவர்கள் 1980களில் இரவு முழுதும் கேட்ட முரலொலியால் தூக்கம் இழந்தார்களாம். ஆண் மீன்கள் கூடு அமைத்துப் பெண் மீன்களை அழைக்கும் ஒலி அது என்பது பின்னர் தெரிந்தது.

மறுநாள் இரவே கல்லடிக்குப் போனோம். நிலவு நன்றாக இருந்தது. எனக்குத் தெரிந்த மீனவர் ஒருவர் தோணியோடு காத்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். "பத்து மணிக்கு முன்னம் வந்து வேலையில்ல தம்பி. வாகனம் ஓயணும். மறுகாதான் எதுவும் கேட்கும்" என்று முன்பே சொல்லியிருந்தார்.

1920களில் கட்டப்பட்டு ஆளுநர் மன்னிங்கின் மனைவி பெயரைத் தாங்கிய பழைய இரும்புப் பாலமும், 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. அவற்றின் அடியில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் செங்குத்தாக இறக்கினார். அதன் மேல்முனையில் காதை வைக்கச் சொன்னார். முதலில் மாணவி கேட்டாள். முகம் மலர்ந்தது. கொதித்த எண்ணெயில் கடுகு வெடிப்பது போல இருக்கிறது, இறால் வகையொன்று கொடுக்கைச் சொடுக்கும் ஓசை என்றாள். அடுத்து நான் கேட்டேன். கடுகு வெடித்தது. அதற்கும் அடியில், விட்டுவிட்டு, மெல்லிய முனகல் ஒன்று. அந்த நேரம் பார்த்துப் பாலத்தின் மேல் பாரவூர்தி ஒன்று ஓடியது. துடுப்பு முழுதும் அதிர்ந்தது. முனகல் மீனுடையதா பாலத்தினுடையதா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. "எங்கட அப்பாக்குத் துடுப்புத் தேவைப்படல்ல. சும்மா இருந்தாலே கேட்கும்" என்றார் மீனவர்.

நண்பர் துடுப்பின் பக்கம் வரவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் எனக்குத் தெரியும். அவருடைய அண்ணன் 1990இல் இந்த வாவிக்கு இரவு வலை போடச் சென்றவர், திரும்பவில்லை. அந்நாட்களில் வாவி பாடுமிடமாக இருக்கவில்லை. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே அது ஓர் எல்லைக் கோடு. பாலத்தில் காவலரண், பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. காலையில் கரையொதுங்கியவை பற்றித்தான் வாவியிலிருந்து எனக்குச் செய்தி கிடைக்கும். நண்பரின் அண்ணனைப் பற்றியும் நான்தான் எழுதினேன். நான்கு வரிகள். 'மீன்பிடிக்கச் சென்ற இளைஞரைக் காணவில்லை' என்பது தலைப்பு. அவசரத்தில் பெயரில் ஓரெழுத்தைப் பிழையாக எழுதிவிட்டேன். திருத்தம் வெளியிடும் காலமாக அது இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய தாயார் அந்தப் பத்திரிகைத் துண்டைக் கடைசிவரை சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததாகப் பின்னர் அறிந்தேன். பிழையான அந்தப் பெயரோடு.

அந்த இரவில்தான் இதை நண்பரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். "அம்மா பேனையால திருத்தி வச்சிருந்தவ."

பிறகு அவராகவே எழுந்து வந்து துடுப்பில் காதை வைத்தார். நெடுநேரம் அப்படியே இருந்தார். மகள் ஒன்றும் கேட்கவில்லை. மீனவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நிமிர்ந்தபோது நண்பர் சொன்னது ஒன்றுதான்: "கரைக்குப் போவம்."

மீன் பாடியதா என்று இப்போது பலரும் என்னைக் கேட்கிறார்கள். கடுகு வெடிக்கும் ஓசையையும் ஒரு முனகலையும் கேட்டேன். அது மீனா, ஊரியா, நீரர மகளிரா என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. மாணவி அடுத்த ஆண்டு நீருள் வைக்கும் ஒலிவாங்கியோடு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள். அவள் கண்டறியட்டும்.

என்னைப் பொறுத்தவரை ஒரு தீர்மானம் மட்டும் செய்திருக்கிறேன். அந்த அண்ணனின் பெயரைச் சரியான எழுத்துகளில் எழுதி, குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அச்சில் ஒரு நினைவுக் குறிப்பு வெளியிட வேண்டும். முப்பத்தைந்து ஆண்டு தாமதமான திருத்தம் அது. அதன் பிறகுதான் 'மீன்பாடும் தேன்நாடு' என்று எழுதுவதற்கு என் கை மீண்டும் துணியும்.