அப்பா கட்டாத பாக்கி

என் மகளின் கல்விக் கடன் விண்ணப்பம் திரும்பி வந்ததற்கு நான்தான் காரணம். "பேங்க்ல லேட் பண்றாங்கம்மா, வேற பிராஞ்ச்ல கேட்டுப் பார்க்கலாம்" என்று அவளிடம் சொன்னேன். அது பொய். கல்விக் கடனில் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அதனால் பெற்றோர் கடனை ஒழுங்காகக் கட்டியவர்களா என்று காட்டும் சிபில் ஸ்கோரையும் பார்க்கிறார்கள். 300-லிருந்து 900 வரை போகும் அந்த அளவில் 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் பொதுவாகத் தயங்குவதில்லை. என்னுடையது 600-ஐக்கூடத் தொடவில்லை. அவளுடைய மார்க்கில் ஒரு குறையும் கிடையாது.

ஸ்கோர் விழக் காரணம் என் கிரெடிட் கார்டு. அதன் பில்லில் மொத்த பாக்கி ஒரு கட்டத்தில் இருக்கும், குறைந்தபட்சம் கட்ட வேண்டிய மினிமம் டியூ இன்னொரு கட்டத்தில் இருக்கும். என் கண் போனது இரண்டாவதற்கு மட்டும். 80,000 ரூபாய் பாக்கிக்கு ஐந்து சதவீதம், 4,000 ரூபாய். அதைக் கட்டிவிட்டால் அந்த மாதக் கடமை தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்குவேன். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 2,800 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 504. ஆக, கட்டிய நாலாயிரத்தில் கடன் குறைந்தது வெறும் 696 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான். போட்டால் பயம் வரும் என்று தெரிந்தே நான் போடவில்லை.

இந்த வட்டி அநியாயம் என்று இன்றும் சொல்வேன். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆனால் என் விஷயத்தில் வட்டிமேல் பழியைப் போட்டு நான் விலகிக்கொள்ள முடியாது.

பிறகு மினிமம் டியூவும் நின்றுபோனது. புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க மாட்டேன். வீட்டில் கேட்டால் "விளம்பரக் கால்" என்பேன். கடைசியில் வசூல் ஏஜென்ட் ஒருவர், "ஒரே தடவையில பாதி கட்டிடுங்க சார், முடிச்சுக்கலாம்" என்றார். கட்டினேன். கடிதமும் வந்தது. எல்லாம் முடிந்தது என்றே நம்பினேன். ஆனால் சிபில் ரிப்போர்ட்டில் அந்தக் கணக்குக்கு நேரே 'செட்டில்டு' என்று நிற்கிறது, 'க்ளோஸ்டு' என்று இல்லை. முழுக் கடனையும் இவர் கட்டவில்லை என்பதுதான் அடுத்த வங்கிக்கு அது சொல்லும் செய்தி.

அதன்பின் செய்ததுதான் எனக்கு அதிக வெட்கம். புது கார்டு ஒன்று கிடைத்தால் பேரை மீட்டுவிடலாம் என்று நினைத்து, ஒரு வங்கி மறுத்ததும் அடுத்த வங்கி, அங்கேயும் இல்லையென்றால் மாலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் என்று கண்ட இடத்திலெல்லாம் விண்ணப்பித்தேன். ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் பதிவாகிறது. அடுத்தடுத்துப் பதிவானால், இவர் பணத்துக்குத் தவிக்கிறார் என்று வங்கிகள் எடுத்துக்கொள்கின்றன. ஸ்கோர் இன்னும் இறங்கியது.

அந்த நாட்களிலேயே ஒரு வங்கி ஊழியர் சரியான வழியைச் சொன்னார். ஒரு தொகையை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டால், அதன் பேரில் கார்டு தருவார்கள். டெபாசிட்டுக்கு வட்டி வந்துகொண்டே இருக்கும். கட்டாமல் விட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஒழுங்காகக் கட்டினால் மற்ற கார்டுகளைப் போலவே சிபிலில் பதிவாகும். "என் பணத்தையே அடமானம் வெச்சு எனக்குக் கடனா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து வந்தேன். அன்றைக்கே அதை வாங்கி ஒழுங்காகக் கட்டியிருந்தால், மகள் பிளஸ் டூ முடிக்கும்போது என் ஸ்கோர் ஓரளவாவது தேறியிருக்கும். வீண் கௌரவம் அதைக் கெடுத்தது.

கடன் கிடைக்காததால், மகளின் முதல் வருட ஃபீஸுக்கு என் மனைவி தன் செயினைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு ரசீதைக் கையில் வாங்கிய பிறகுதான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று இரவே மகளையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

இப்போது என்னிடம் இருப்பது டெபாசிட் பேரில் வாங்கிய கார்டு. வருடக் கட்டணம் இல்லாததாக, சிபிலுக்குத் தகவல் தருவதாகப் பார்த்து வாங்கினேன். லிமிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை. பில் வந்ததும் முழுத் தொகையும் கட்டுகிறேன். பழைய பாக்கியில் விட்டுப்போனதையும் அந்த வங்கிக்குக் கட்டுவதற்காகச் சேமித்து வருகிறேன். அதைக் கட்டி, நோ டியூ சான்றிதழ் வாங்கி, ரிப்போர்ட்டைத் திருத்தச் சொல்ல வேண்டும். காசு கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்று வருபவர்களிடம் ஏமாறாதீர்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

மினிமம் டியூ மட்டும் கட்டிக்கொண்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர் இதைப் படித்தால், அவரிடம் கேட்டுக்கொள்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை உங்கள் ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. இன்றைக்கே எடுத்து, வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து படியுங்கள்.