வேலை என்றொரு கத்தி

ஸுலு மொழியில் 'செபென்ஸா' என்றால் வேலை. தென்னாப்பிரிக்காவிலிருந்து 1989-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ் என்பவர் தான் செய்த மடக்குக்கத்திக்கு இந்தப் பெயரை வைத்தார். முப்பது வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. மடக்குக்கத்தியில் ரஸனை உள்ளவர்கள் இன்றும் மற்றக் கத்திகளை இதன் பக்கத்தில் வைத்துத்தான் எடைபோடுகிறார்கள். சிறிய அளவின் விலையே முந்நூறு டாலருக்கு மேல். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குப் போகிறவரின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும்.

பெயர்கள் பொருளைவிட்டு விலகிப்போவது சகஜம்தான். எங்கள் ஊரின் நடுவிடத்துக்கு ஒண்டிக்கடை என்று பெயர். ஒற்றைக் கடை என்று அர்த்தம். இன்று அங்கே பஜ்ஜிக் கடைகளும் பழக்கடைகளும் வாடகைக் கார்களுமாக, கால் வைக்க இடமில்லை. பெயர் மட்டும் தன் பழைய தனிமையை வைத்துக்கொண்டிருக்கிறது. வேலை என்ற பெயர் கொண்ட கத்தியும் அப்படித்தானா என்ற சந்தேகத்தோடுதான் அதைக் கையில் எடுத்தேன். வெளிநாட்டிலிருக்கும் நண்பர் ஒருவர் ஆடி மாதம் வந்தபோது கொடுத்தது. ஒரு வாரப் பழக்கம்தான்.

எடை 85 கிராம். அலகு மூன்றங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. பிடி இரண்டு டைட்டானியம் தகடுகள். சாம்பல் நிறம், பளபளப்பு கிடையாது. மூடுபனிக் காலையில் இரும்பைத் தொட்டால் விரல் சில்லிட்டுப்போகும். இது அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. கட்டைவிரலால் தள்ளினால் அலகு அவசரமில்லாமல், எண்ணெயில் கரண்டி இறங்குகிற மாதிரி ஒரே சீராக வெளியே வருகிறது. பிறகு ஒரு சிறிய சப்தம். பிடித் தகட்டிலேயே ஒரு கீறல் வெட்டி, அந்த நாக்கையே வில்லாக வளைத்து அலகின் பின்புறத்தைத் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். தனியாகப் பூட்டு என்று ஒன்று இல்லை. ரீவின் யோசனை இது. பின்னால் வந்த எத்தனையோ கத்திகள் இதை எடுத்துக்கொண்டன. மடக்குக்கத்திக்கு மூட்டுதான் உயிர். மூட்டில் ஆட்டம் வந்துவிட்டால் அலகு எவ்வளவு உயர்ந்ததானாலும் பிரயோஜனமில்லை. இதில் ஆட்டம் இல்லை. கூடவே ஒரு சிறு திருகுசாவியும் தருகிறார்கள். வாங்கியவனே முழுக்கக் கழற்றித் துடைத்துப் பூட்டிக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது இந்த விஷயம்தான். திறந்து காட்ட அஞ்சாத பொருளின் மேல் ஒரு மரியாதை வருகிறது.

அலகின் எஃகு வேறொரு கதை. உருகிய எஃகைத் தூளாகத் தெறிக்கவிட்டு, அந்தத் தூளை வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்தது. ரீவின் ஆலோசனையோடு 2009-இல் இதைக் கொண்டுவந்த அமெரிக்கக் கம்பெனியின் பெயர் 'க்ரூசிபிள்'. தமிழில் மூசை. 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது.

மூசை என்றதும் மலையடிவாரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் தெரியும். அந்தச் சமவெளியில்தான் கஞ்சமலையும் அதன் இரும்புத் தாதுவும். இந்தப் பக்கத்துக் கொல்லர்கள் இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் மண்மூசையில் வைத்து, வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதி எஃகாக்கினார்கள். ஜோஸையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். 1830-இல் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிச் சேலத்துத் தாதுவை உருக்கியவர் அவர். பிறகு இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். அந்த முறையால் ஷெஃபீல்ட் கொழித்தது. உலகத்துக்கெல்லாம் மடக்குக்கத்தி அனுப்பிய ஊர் அது. ஹீத் வழக்காடியே கைப்பொருளை இழந்தார். ஊதிய கொல்லர்களில் ஒருவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

என் அப்பா இங்கே ஒரு தோட்டத்தில் கவாத்து வெட்டியவர். அவர் கத்தி உள்ளூர்க் கொல்லர் லாரிப் பட்டையை அடித்துச் செய்தது. முனை வளைந்தது, பலாமரப் பிடி. அறுவடை முடிந்து கவாத்து தொடங்கினால் தினமும் விடிகாலையில் லைன் வீட்டு வாசல் கல்லில் தீட்டுவார். அந்தச் சப்தத்தில்தான் நாங்கள் எழுந்திருப்போம். வருஷக் கணக்கில் தீட்டித் தீட்டி, கடைசியில் அலகு பாதிக்கும் குறைவாகிவிட்டது. மீதி அந்தக் கல்லில் போயிற்று. நான் அதைத் தொட்டால் பிடுங்கிக்கொள்வார். "உனக்கு எதுக்குடா இது, போய்ப் படி" என்பார். படித்தேன், குமாஸ்தாவானேன். வேலையின் கத்தி எனக்கு வேண்டாம் என்று அவர் தீர்மானித்திருந்தார். இப்போது வேலை என்ற பெயரோடு ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரு வாரத்தில் நான்கு உறைகளைப் பிரித்தது. ஒண்டிக்கடையில் வாங்கிய பேரிக்காய்களை நறுக்கியது. பேரிக்காய்த் துண்டு கண்ணாடி மாதிரி வழவழப்பாக வந்தது. அப்பா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றும், சிரித்திருப்பார் என்றும் ஒரே சமயத்தில் தோன்றுகிறது.

அம்மா அதே தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்தவள். கத்தியை வாங்கி அலகின் குறுக்கே கட்டைவிரலை லேசாக ஓட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கூரா இருக்கு. யாரு தீட்டுனது?"

"ஃபாக்டரியில ஒரு ஆளும்மா."

"அந்தாளுக்கு என்ன கூலி?"

விலை, எடை, எஃகின் பெயர், அதில் சேர்த்த வனேடியம் எல்லாம் சொல்ல முடிந்த எனக்கு இதற்குப் பதில் இல்லை. அம்மா கத்தியை மடக்க முயன்று, பூட்டின் சூட்சுமம் பிடிபடாமல், விரித்தபடியே திருப்பிக் கொடுத்தாள்.

எப்படியும் ஒரு நாள் மழுங்கும். வாசல் கல் இந்த எஃகுக்கு ஈடுகொடுக்காது. வைரத்தூள் பதித்த கல் வேண்டுமாம். அதை வாங்கி, கோணம் தப்பாமல் தீட்டக் கற்றுக்கொண்டு, அலகிலிருந்து ஒரு மயிரளவாவது என் கையால் குறைந்த பிறகு இதைப் பற்றி மறுபடி எழுதலாம். இப்போதைக்கு நான் பாராட்டுவது இன்னொருவர் தீட்டிய கூர்மையைத்தான்.