கணக்கு உங்கள் கையில்: பாசிர் கூடாங்கில் ஒரு போட்டிக் காலை

ஜொகூர் பாருவிலிருந்து கிழக்கே பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு வழித்துணை லாரிகள்தாம். கொள்கலன் சுமந்தவை, செம்பனை எண்ணெய் ஏற்றியவை, பின்புறத்தில் வேதிப்பொருள் எச்சரிக்கை ஒட்டியவை என்று வரிசையாக வரும். பிளெந்தோங்கையும் மாசாயையும் தாண்டினால் புகைபோக்கிகளும் வட்ட வட்டமான எண்ணெய்த் தொட்டிகளும் தெரியத் தொடங்கும். இந்த ஊரில்தான், கடலையொட்டி, 54 குழிகள் கொண்ட கோல்ஃப் திடல் ஒன்று இருக்கிறது. பெயர் தஞ்சோங் புத்ரி.

ஒரு முழு ஆட்டத்துக்கு 18 குழிகள். ஆக, 54 என்றால் ஒரே வளாகத்துக்குள் மூன்று திடல்கள். அவற்றின் பெயர்கள் பிளாண்டேஷன், ஸ்ட்ரெய்ட்ஸ், வில்லேஜ். அதாவது தோட்டம், நீரிணை, கிராமம். பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, அந்த மூன்று சொற்களிலும் பாசிர் கூடாங்கின் கதை அடங்கிவிடுகிறது.

மணலும் கிடங்கும்

மலாயில் 'பாசிர்' என்றால் மணல். 'கூடாங்' என்றால் கிடங்கு. இந்தக் 'கூடாங்' நம் 'கிடங்கு' என்ற சொல்லின் உறவு என்றே சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். கடல் வாணிகத்தோடு இங்கே வந்து சேர்ந்த சொல், ஆங்கிலத்துக்கும் போய் 'கோடவுன்' ஆகி, மறுபடியும் நம் வாய்க்கே 'குடோன்' என்று திரும்பி வந்துவிட்டது!

1970-களில்தான் இந்தக் கடலோரம் தொழில் நகரமாக உருவெடுத்தது. 1977-இல் ஜொகூர் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. செம்பனை எண்ணெய் கப்பலேறும் உலகின் பெரிய முனையங்களில் ஒன்று இன்று இங்கே இருக்கிறது. நெடுங்காலம் ஊராட்சியை நடத்தியதுகூட மாநில அரசின் நிறுவனமான ஜொகூர் கார்ப்பரேஷன்தான். 2008-இல் நகராண்மைக் கழகம் வந்தது. 2020 நவம்பரில் ஊர் மாநகரமானது.

வளர்ச்சிக்கு விலையும் உண்டு. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய வேதிக்கழிவின் நச்சுக்காற்றால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள்; வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த நாள்களை மறக்காத ஊரில், கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் மரமும் காற்றும் உள்ள ஓர் இடத்துக்கு மதிப்புக் கூடத்தான் செய்யும்.

துரைமார் ஆட்டம்

மலாயாவில் கோல்ஃப் வெள்ளைக்காரத் துரைமார்களோடு வந்தது. கோலாலம்பூரின் ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893-இல் தொடங்கப்பட்டது. தோட்டப்புறத் தமிழர்களுக்கும் கோல்ஃபுக்கும் இருந்த முதல் உறவு வேலை உறவுதான். புல் வெட்டினார்கள், மட்டைப் பை சுமந்தார்கள், காணாமல் போன பந்தைப் புதரில் தேடினார்கள். தாத்தா வெட்டிய புல்லின் நடுவில் நின்று பேரன் பந்தடிக்க வேண்டுமானால் இரண்டு தலைமுறை கடக்க வேண்டியிருந்தது.

இந்தியாவிலும் இதே கதைதான். கல்கத்தாவின் ராயல் கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா, இந்திய ஓப்பன் பட்டத்தையே வென்றார். டெல்லியில் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர் 1991-இல் அதே பட்டத்தை வென்றார். 2009-இல் வென்ற பெங்களூரு முனியப்பாவும் பை சுமந்து ஆட்டம் கற்றவர்தான். ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்பே, 1965-இல், அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியர் பி.ஜி. சேத்தி ஓர் அமெச்சூர். பணத்துக்காக ஆடாதவர், தொழில்முறை ஆட்டக்காரர்கள் அத்தனை பேரையும் முந்தினார்!

மலேசியாவிலும் நம் பெயர்கள் உண்டு. எம். ராமையா, பி. குணசேகரன் என்ற பெயர்களை விளையாட்டுப் பக்கத்தில் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. அவர்களுக்குப் பின் எம். சசிதரன், எஸ். சிவச்சந்திரன் போன்றோர் தொழில்முறைப் போட்டிகளில் ஆடினார்கள். ஜொகூரைப் பொறுத்தவரை பெருமைக்குரிய பெயர் பத்து பகாட்டில் பிறந்த கெல்லி டான். அமெரிக்காவின் எல்பிஜிஏ சுற்றில் ஆடும் தகுதியைப் பெற்றவர் அவர்.

அமெச்சூர் ஆட்டத்துக்கும் இந்த நாட்டில் நல்ல மரபு உண்டு. தென்கிழக்காசிய நாடுகளின் அமெச்சூர் அணிகள் மோதும் புத்ரா கிண்ணம் 1961-இல் தொடங்கியது. கிண்ணத்தின் பெயர், கோல்ஃப் பிரியரான நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவைக் குறிப்பது.

போட்டி நாள்

கிளப் போட்டி என்றால் தொலைக்காட்சியில் பார்க்கும் போட்டியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன்பே கார் நிறுத்துமிடம் நிறைந்திருக்கும். நாசி லெமாக் பொட்டலம் ஒரு கையில், காலணி ஒரு கையில் என்று ஆள்கள் வந்துகொண்டிருப்பார்கள். நான்கு பேர் சேர்ந்தது ஒரு 'ஃபிளைட்'. தொழிற்சாலை மேலாளர், குத்தகையாளர், ஆசிரியர், துறைமுகத் தொழில்நுட்பர் என நான்கு பேரும் நான்கு உலகத்தினராக இருக்கலாம். அடுத்த நாலரை, ஐந்து மணி நேரம் அவர்கள் ஒருவரையொருவர் விட்டு ஓட முடியாது. வேறு எந்த விளையாட்டும் அறிமுகமில்லாதவர்களை இவ்வளவு நேரம் சேர்ந்து நடக்க வைப்பதில்லை.

இந்த நால்வரும் ஒரே போட்டியில் எப்படி மோத முடியும்? அதற்குத்தான் ஹேண்டிகேப். ஒருவருடைய அண்மைய 20 ஆட்டங்களில் சிறந்த எட்டை எடுத்து, திடலின் கடினத்தையும் கணக்கில் கொண்டு ஓர் எண் தருகிறார்கள். 2020 முதல் உலகம் முழுவதற்கும் இந்த ஒரே முறைதான். எண் குறைவாக இருந்தால் திறமை அதிகம், உச்சவரம்பு 54.

எடுத்துக்காட்டாக, ஹேண்டிகேப் 4 உள்ளவர் 76 அடிகளில் முடிக்கிறார். ஹேண்டிகேப் 18 உள்ளவர் 88 அடிக்கிறார். கழித்துப் பாருங்கள்: முன்னவருக்கு 72, பின்னவருக்கு 70. மொத்த அடிகளுக்கான 'கிராஸ்' பரிசு முன்னவருக்கு, கழித்த கணக்குக்கான 'நெட்' பரிசு பின்னவருக்கு. முப்பது ஆண்டு ஆடியவரும் மூன்று ஆண்டு ஆடியவரும் ஒரே மேடையில் ஏறிக் கைகுலுக்குகிறார்கள்.

ஒரு குழியில் பத்து அடி போனால் அன்றைய நாளே பாழ் என்று கலங்குகிறவர்களுக்காக ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற மருத்துவர் ஒரு புள்ளி முறை கண்டுபிடித்தார். 1932-இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் அறிமுகமான அந்த முறைதான் இன்று பல கிளப் போட்டிகளில் பின்பற்றப்படுகிறது. மோசமான குழிக்குப் பூஜ்யம். அதை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். 36 புள்ளி எடுத்தால் உங்கள் தரத்துக்கு ஆடியிருக்கிறீர்கள் என்று பொருள். ஹேண்டிகேப் அட்டையே இல்லாதவர்கள் கூடும் நிறுவனப் போட்டிகளில் 'சிஸ்டம் 36' என்று இன்னொரு வழி உண்டு. அன்றைய ஆட்டத்தை வைத்து அன்றே எண் கணக்கிட்டுவிடுவார்கள்.

முன்னணியில் வருகிறவர்கள் யார்? எந்தக் கிளப்பிலும் ஒற்றை இலக்க ஹேண்டிகேப்காரர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். கிராஸ் கிண்ணம் பெரும்பாலும் அவர்களுக்குள்ளேயே சுற்றும். அவர்களைக் கவனித்தால் ஒன்று புரியும். அவர்கள் மற்றவர்களைவிடத் தொலைவாக அடிப்பதைவிட, மற்றவர்களைவிடக் குறைவாகத் தவறு செய்கிறார்கள். கடற்காற்று எதிரே வந்தால் பெரிய மட்டையை எடுத்து நிதானமாக வீசுவார்கள். மரத்துக்குப் பின்னால் பந்து போனால் சாகசம் செய்யாமல் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுப்பார்கள். இன்னொரு பக்கம் நெட் பரிசை மட்டுமே குறிவைக்கிறவர்கள். திறமையை மறைத்து எண்ணை உயர்த்தி வைத்துக்கொள்பவரைக் கோல்ஃப் உலகம் 'சேண்ட்பேகர்' என்று கேலி செய்யும். மணல் மூட்டைக்காரர்! மணல் கிடங்கு என்று பெயர் கொண்ட ஊரிலும் அந்தப் பட்டத்தை யாரும் விரும்புவதில்லை.

பரிசு பெரிதல்ல. அமெச்சூர் ஒருவர் பெறக்கூடிய பரிசின் மதிப்புக்குப் பன்னாட்டு விதிகளிலேயே வரம்பு உண்டு. 2022 முதல் அது 1,000 அமெரிக்க டாலர். ஒரே அடியில் குழியில் விழும் 'ஹோல்-இன்-ஒன்'னுக்கு மட்டும் விதிவிலக்கு. அதனால்தான் சில போட்டிகளில் குழியருகே ஒரு புதுக் காரை நிறுத்தி வைத்திருப்பார்கள். சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய 12,500-இல் ஒன்று என்பார்கள். கார் பெரும்பாலும் விற்பனையகத்துக்கே திரும்பிப் போகும்.

யாரும் பார்க்காத இடத்தில்

காற்பந்தில் நடுவர் இருக்கிறார். பூப்பந்தில் கோட்டருகே ஆள் உட்கார்ந்திருக்கிறார். கிளப் கோல்ஃபில் ஒவ்வொரு அடியையும் பார்க்க யாருமில்லை. புதருக்குள் பந்து அசைந்ததா, எத்தனை தட்டில் வெளியே வந்தது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். உங்கள் அட்டையை உடன் ஆடுபவர் எழுதுவார், அவருடையதை நீங்கள் எழுதுவீர்கள். கடைசியில் இருவரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துக்குப் பின் பேச்சில்லை.

1968 மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17-ஆம் குழியை மூன்று அடியில் முடித்தார். உடன் ஆடியவர் தவறுதலாக நான்கு என்று எழுதிவிட்டார். கவனிக்காமல் கையெழுத்திட்டதால் நான்கே நிலைத்தது; ஓர் அடியில் பட்டத்துக்கான வாய்ப்பு பறிபோனது. அதற்கும் முன்பு, 1925 அமெரிக்க ஓப்பனில், வாழ்நாள் முழுதும் அமெச்சூராகவே இருந்த பாபி ஜோன்ஸ், தம் பந்து இலேசாக அசைந்ததாகச் சொல்லித் தமக்குத் தாமே ஓர் அடி தண்டம் போட்டுக்கொண்டார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆட்டம் சமனில் முடிந்து, கூடுதல் சுற்றில் பட்டம் வேறொருவருக்குப் போனது.

பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றி எவ்வளவோ பாடம் எடுக்கிறோம். "எத்தனை?" என்று உடன் ஆடுபவர் கேட்க, "ஏழு" என்று ஒருவர் கூசாமல் சொல்வதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது அதைவிட நல்ல பாடம். கையில் பணமில்லாமல் திடலின் ஓரத்தில் நின்ற நம்மவர்கள் உள்ளே வந்தபின் கற்றுக்கொள்ள வேண்டியதும் மட்டை வீச்சைவிட இந்தப் பழக்கத்தைத்தான்.

அக்கரையிலிருந்து வருகிறவர்கள்

வார இறுதியில் ஜொகூர்த் திடல்களின் கார் நிறுத்துமிடத்தில் சிங்கப்பூர் எண் பலகைகளைத் தாராளமாகப் பார்க்கலாம். அங்கே இடம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. ஜூரோங் கன்ட்ரி கிளப் 2016 இறுதியில் மூடப்பட்டது. கோலாலம்பூர் அதிவேக ரயிலின் நிலையத்துக்காக எடுத்த நிலம் அது. திடல் போனது, 2021 தொடங்கியபோது அந்த ரயில் திட்டமும் கைவிடப்பட்டது. ரஃபிள்ஸ் கன்ட்ரி கிளப் 2018-இல் நிலத்தை ஒப்படைத்தது. பொதுமக்கள் ஆடிய மரினா பே திடல் 2024 ஜூனில் கதவடைத்தது.

சிங்கப்பூரின் முடிவில் நியாயம் உண்டு. சிலர் ஆடும் இடத்தைவிடப் பலர் குடியிருக்கும் வீடு முக்கியம். ஆனால் அந்தக் கேள்வி ஒருநாள் பாலத்தைக் கடந்து ஜொகூருக்கும் வரும். நிலவிலை ஏறும்போது, தொழிற்சாலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே இத்தனை ஏக்கர் பச்சை எதற்கு என்று யாரேனும் கேட்பார்கள். உறுப்பினருக்கு மட்டுமே உரிய மூடிய வளாகமாக இருந்தால் பதில் சொல்வது கடினம். பயிற்சித் திடலில் பள்ளிப் பிள்ளைகளும், ஞாயிறு போட்டியில் தொழிற்சாலை ஊழியர்களும் நிறைந்திருந்தால் பதிலை ஊரே சொல்லும்.

போகிறவர்களுக்கு

ஆட்டம் புதிது என்றால் நேரே திடலில் இறங்க வேண்டாம். பயிற்சித் தளத்தில் ஒரு கூடைப் பந்தும் இரவல் வாங்கிய ஏழாம் எண் இரும்பு மட்டையும் போதும். பிடித்துவிட்டால் பழைய மட்டைத் தொகுதி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். கழுத்துப்பட்டை உள்ள சட்டை கட்டாயம், ஜீன்ஸ் வேண்டாம். போட்டியைப் பார்க்க மட்டும் விரும்புகிறவர்கள் கிளப் முகப்பில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. யாராவது பந்தடிக்கத் தயாராகும்போது பேச்சையும் கைப்பேசியையும் நிறுத்திவிடுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்கள் பட்டத் திருவிழாக் காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 1995 முதல் நடந்துவரும் பன்னாட்டுப் பட்டத் திருவிழா பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். மற்ற நாள்களில் பட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. பட்டத்தைத் தூக்குகிற அதே காற்றுதான் கோல்ஃப் பந்தைத் திசை திருப்பி ஆட்டக்காரர்களைச் சோதிக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு மாசாய்ப் பக்கம் வாழையிலை. மாலையில் கடலுணவுக்குச் செனிபோங் அல்லது கோங் கோங்.

போட்டி நாளில் போனால் 18-ஆம் குழியருகே சிறிது நேரம் நில்லுங்கள். கடைசிப் பந்து உள்ளே விழுந்ததும் நால்வரும் தொப்பியைக் கழற்றிக் கைகொடுப்பார்கள். பிறகு நிழலில் உட்கார்ந்து, ஒருவர் எண்ணை இன்னொருவர் வாசிக்க, குழி குழியாகச் சரிபார்ப்பார்கள். கிண்ணம் யாருக்கு என்பது அதற்குப் பிறகுதான்.